வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

ஜீப் வீட்டுக்கு வந்தபோது அதில் பின் சீட்டு இருந்தது. மறுநாள் ராபர்ட் அண்ணன் ஸ்பேனரோடு வந்து அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டார். தெருப்பூனை ஒன்று அதில் படுத்துக்கொண்டது.

"பின்னாடி ரெண்டு டிராயர் மச்சான். ஒண்ணுல அடுப்பு, பாத்திரம். இன்னொண்ணுல ஜாக்கி, கயிறு, மண்ணுல மாட்டுனா போடற தகடு. மேல பலகையப் போட்டு மெத்தைய விரிச்சா ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம்."

"அப்ப நீ எங்கடா படுப்ப?" என்றார் என் கணவர் பாலகுமார்.

"நான் பைக்ல வரேன், கீழ டென்ட் போட்டுக்கறேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல எனக்கு என்னடா வேலை?"

நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் ரெண்டு பேர் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

பாலகுமாருக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைல்ஸ் கடை. ராபர்ட் அண்ணன் அவருடைய பள்ளித் தோழர், மரவேலை செய்பவர். இருவரும் போனில் காட்டுப்பாதை ஜீப் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிட்டார்கள். சனி ஞாயிறுகளில் மலைக்குப் போய்த் தங்க வேண்டும் என்பது திட்டம்.

எனக்கு ஜீப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வானம் பிடிக்கும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது ஒரே ஒரு பருவத்தில் வானியல் இருந்தது. பால்வீதியை நான் அந்தப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அங்கே வடக்குப் பக்கம் நெய்வேலியின் வெளிச்சம். வாழ வந்த கடலூரில் தெற்குப் பக்கம் சிப்காட்டின் வெளிச்சம். மொட்டைமாடியில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் நட்சத்திரங்கள் தெரியும்.

"கல்வராயன் மலையில ஒரு எடம் இருக்கு. ராபர்ட்டோட ஃபிரண்டு நெலம். சுத்துவட்டாரத்துல லைட்டே கெடையாது" என்று ஒருநாள் சாப்பிடும்போது பாலகுமார் சொன்னார்.

"நானும் வரட்டுமா மாமா?"

கல்யாணமாகி ஒரு வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீ வராம? முதல் டிரிப்பே நீதான்."

அதற்குப் பிறகு வண்டியில் நானும் வேலை செய்தேன். ஃபிரிட்ஜை என்ஜின் பேட்டரியிலேயே இணைக்கப் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் காலையில் வண்டி கிளம்பாது என்று சொன்னேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டாவது பேட்டரி வைத்தோம். ஃபிரிட்ஜ், மூன்று விளக்குகள், ஒரு சின்ன மின்விசிறி என்று ஒவ்வொன்றுக்கும் கரண்டைக் கணக்குப் போட்டு ஒயர் எடுத்தேன். ஃபியூஸ் பெட்டியை டிராயர் ஓரத்தில் பொருத்தினேன். மதிய நேரத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, வண்டிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து ஒயர்களைக் கட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே என்னிடம் யாரும் பேச மாட்டார்கள்.

"இது எதுக்கு?" என்று ஃபியூஸைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார் பாலகுமார்.

"ஜாஸ்தி கரண்ட் போனா இது முதல்ல போயிடும் மாமா. ஒயர் எரியாது."

"போறதுக்குன்னே ஒண்ண வெச்சிருக்க" என்று சிரித்தார்.

சிதம்பரம் பைபாஸில் ஒரு பட்டறையில் மேலே கேரியர் அடித்தார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வண்டியை வேண்டுமென்றே மாட்டவிட்டு, தகடு போட்டு எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு வீடியோ. போனை நான் பிடித்துக்கொண்டேன்.

"வணக்கம் நண்பர்களே. டிராயர், லைட்டு, ஃபிரிட்ஜ், எல்லாமே நானே உக்காந்து பண்ணது."

"டேய், ஆணி அடிச்சது நானுடா" என்று பின்னாலிருந்து ராபர்ட் அண்ணன் கத்தினார்.

"உன்ன அடுத்த எபிசோட்ல போடறேன், கத்தாத."

ஒயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு மலைக்குப் போனால் போதும்.

வண்டி எங்கே போவதானாலும் முதலில் சிதம்பரத்தில் தில்லைக்காளி கோயிலில் பூசை போட்ட பிறகுதான் என்று என் மாமியார் தங்கம்மாள் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை பூசை. அத்தை அங்கிருந்து பஸ்ஸில் திரும்பிவிடுவார். நாங்கள் அப்படியே மலைக்குப் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை விடியற்காலையில் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாக.

குளியலறையில் சற்று நேரம் நின்றேன். பிறகு பாலகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. நீங்க சொல்லுங்க மாமா, நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

"லூசா நீ? ஃபிரிட்ஜு நின்னுபோனா எவன் பாக்கறது? கோயில் உள்ள வராத, வண்டியிலயே இரு. அம்மாவ நான் சமாளிச்சுக்கறேன். இந்தக் காலத்துல போயி இதெல்லாம் பாத்துக்கிட்டு."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

சிதம்பரத்தில் அவர் நன்றாகத்தான் சமாளித்தார். "வண்டியில சாமான் இருக்கும்மா, சத்யா பாத்துக்கட்டும்" என்றார். பூசாரி வெளியே வந்து மாலை போட்டு, சூடம் சுற்றிவிட்டு, தட்டை நீட்டினார். "வா, வந்து ஒத்திக்க" என்று அத்தை என்னைக் கூப்பிட்டார். "அவளுக்குச் சூடப் புகை ஒத்துக்காதும்மா" என்றார் பாலகுமார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றினார். நான் தெருவின் எதிர்ப்பக்கம் செருப்புகளோடு நின்றேன்.

அத்தை பஸ் ஏறும்போது என் நெற்றியில் குங்குமம் வைத்தார். "பத்திரமா போயிட்டு வாங்க" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது அவர் ஹாரன் அடித்தார். அம்மா வெளியே வருவதற்குள் தாண்டிவிட்டோம். விருத்தாசலம், சின்னசேலம், பிறகு மலை. ராபர்ட் அண்ணனின் பைக் முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் நிறுத்தினோம். கரண்ட் கம்பம் எதுவும் இல்லை. மேகமும் இல்லை.

தார்ப்பாய் கட்டியதும் நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போனேன். திரும்பி வரும்போது மேற்கில் வெள்ளி தெரிந்தது. மற்றவை வர இன்னும் சற்று நேரம் ஆகும். அந்த இடத்திலேயே நின்றேன். மேலேயிருந்து ராபர்ட் அண்ணனின் சிரிப்பும், "நண்பர்களே, மலை உச்சியில சுடச்சுட டீ" என்று பாலகுமாரின் குரலும் கேட்டன. எப்படி டீ போடுகிறார்கள் என்று யோசித்தேன். அடுப்பு டிராயரில்தான் இருந்தது, நான் எடுத்து வைக்கவில்லை.

பிளாஸ்டிக் எரியும் வாசனை வந்தது.

ஓடினேன். டிராயர் இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெத்தையின் ஒரு மூலையில் தீ. இருவரும் தூரத்தில் நின்று, "பெட்ரோல் டேங்க்கு, பெட்ரோல் டேங்க்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அது டீசல் வண்டி. நான் முன்கதவு வழியாகப் புகுந்து இரண்டாவது பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினேன். கை சுட்டது. ராபர்ட் அண்ணன் தண்ணீர் கேனைத் தூக்கி வந்து கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது.

மெத்தை, பலகை, நான் இழுத்த ஒயர்கள் எல்லாம் போயிருந்தன. ஃபிரிட்ஜுக்கு நான் எடுத்த ஒயரில் ஒரு இன்வெர்ட்டர் தொங்கியது. அதில் மின்சாரக் கெட்டில். எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"முதல்ல ஃபியூஸ் போயிடுச்சு தங்கச்சி" என்றார் ராபர்ட் அண்ணன். "சிகரெட் பாக்கெட்டு வெள்ளித்தாள் இருந்துச்சு. தண்ணி கொதிக்கற வரைக்கும்தானேன்னு..."

"நான்தான் சுத்துனேன். இப்ப அத விடு" என்றார் பாலகுமார்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். என் ஃபியூஸ் அதன் வேலையைச் செய்து உள்ளே அறுந்திருந்தது. மேலே வெள்ளித்தாள் நாலைந்து சுற்று. அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என்ஜின் பேட்டரி தனியாக இருந்ததால் வண்டி உடனே கிளம்பியது. அதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கருகிய வாசனையில் எனக்குத் தலை வலித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அன்று வானத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அத்தை வண்டியைப் பார்த்தார். வாடிய மாலை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஆத்தாளுக்கு என்னடா கொறை வெச்சோம்? பூசை போட்ட அன்னிக்கேவா?"

பாலகுமார் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ராபர்ட் அண்ணன் பலகை அளவெடுக்க வந்து பைக்கில் சாய்ந்து நின்றார். அத்தை விடவில்லை. "எதனா நடந்திருக்கு. சொல்லுடா. கோயிலுக்குப் போறப்ப கறி கிறி தின்னீங்களா?"

பாலகுமார் வாயைக் கொப்பளித்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"அவ தூரமா இருந்தாம்மா. நான் வேணாம்னுதான் சொன்னேன். வானத்தப் பாக்கணும், நட்சத்திரம் பாக்கணும்னு ஒரே புடிவாதம்."

நான் ராபர்ட் அண்ணனைப் பார்த்தேன். அவர் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல இதெல்லாம் பாக்கறதில்லம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "நான் கெளம்பறேன் மச்சான்."

"அத்தை, ஃபியூஸ்ல வெள்ளித்தாள..."

"வாய மூடு" என்றார் அத்தை. "ஆத்தா கோயில்ல பூசை போட்ட வண்டியில தூரத்தோட ஏறிட்டு, பேச்சு வேற. நேத்து உன் நெத்தியில நான் குங்குமம் வெச்சேன்டி."

மதியத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழு முழுவதும் தெரிந்துவிட்டது. என் மாதவிலக்கைப் பற்றி என் கணவரின் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் எழுதினார்கள். படித்த பெண்களுக்குப் பயம் இல்லை என்று ஒருவர். உயிர்ச்சேதம் இல்லாமல் அம்மன் காப்பாற்றினாள் என்று இன்னொருவர். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. என் அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் எதுவும் எழுதவில்லை. நான் சேத்தியாத்தோப்புக்குப் போன் செய்தபோது அம்மா எடுத்து, "அப்பா கழனிக்குப் போயிருக்காரு" என்றார். பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

நான் வண்டியைத் தொடக்கூடாது என்று முடிவானது. தில்லைக்காளிக்கு மாவிளக்கு போட வேண்டும் என்றும் முடிவானது. மாவிளக்கு போடக் கோயிலுக்குள் போனபோது, எதற்காகக் கும்பிடுவது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

வண்டியைச் சிதம்பரம் பட்டறையிலேயே விட்டுப் புதிதாக ஒயரிங் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மலைக்குப் போவதாக இருந்தது. இந்த முறை பாலகுமார், ராபர்ட் அண்ணன், அவருடைய இரண்டு குழந்தைகள். வெள்ளிக்கிழமை காலை பட்டறையிலிருந்து பாலகுமார் போன் செய்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"சத்யா, அந்த ஃபியூஸ் எவ்ளோ போட்ட? இவன் முப்பதுங்கறான்."

"அத்தைகிட்ட போனக் குடுக்கவா மாமா?" என்றேன்.

"வெளையாடாத. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன். ராபர்ட் அண்ணனின் குழந்தைகளை நினைத்தேன். கைப்பையிலிருந்து அதை எடுத்து, சமையல் மேடையில் வைத்துப் படம் எடுத்தேன். குடும்பக் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "பதினைந்து ஆம்பியர். வெள்ளித்தாள் சுற்றக் கூடாது. போன முறை வண்டி எரிந்தது இதனால்தான்."

அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் செய்தி அது.

நீல டிக்குகள் வந்தன. சற்று நேரம் கழித்து ஒரு சித்தப்பா ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் படம் போட்டார்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தன் போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடி படம் இது, மிட்டாயா?"

"ஃபியூஸ் அத்தை. இது அறுந்தா கரண்ட் நின்னுடணும். மேல சிகரெட் தாள சுத்தியிருக்கு. அதனால நிக்காம ஒயர் எரிஞ்சுது."

"யாரு சுத்துனது?"

"அவருதான்."

அத்தை போனைக் கீழே வைத்தார். நாலைந்து காம்புகளை உருவிப் போட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"அவன் தெரியாம செஞ்சான்" என்றார். "நீ தெரிஞ்சே ஏறுன."

நான் என் போனை எடுத்தேன். குழுவில் என் செய்தி இல்லை. அட்மின் நீக்கிவிட்டார் என்று அந்த இடத்தில் இருந்தது. அட்மின் பாலகுமார். தனியாக அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"15 ஓகே. ஒயர் எவ்ளோ தடிமன்?"