முருகையா வீட்டுச் சைக்கிள்

மோதிரத்தையும் பட்டு வேட்டியையும் ஒரு உறவுக்காரர் கையில் கொடுத்தனுப்பியாகிவிட்டது. இனி அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போக வேண்டியது சைக்கிள் ஒன்றுதான்.

ஜம்புலிங்கம் அதை தீவில், ஜங்லிகாட் பகுதியில் இருந்த தன் வீட்டு முன்னறையில், சுவரில் சாய்க்காமல், நடுவில் நிறுத்தியிருந்தார். பச்சை நிறம், கியர் வைத்தது. மகன் சிவபிரகாஷுக்குச் சைக்கிள் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, அவனுக்குப் பேசிய பெண்ணின் தகப்பனார் முருகையா நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு வாங்கியது. மாப்பிள்ளை வீடு பார்க்கக் கப்பலில் வந்தபோது கூடவே கொண்டுவந்து இறக்கினார். அத்தனை நாள் கடலில் வந்ததில் ஒரு கீறல் கிடையாது. ஜம்புலிங்கம் அன்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மண்டபம் பேசிய பிறகு சிவபிரகாஷ், கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து அழகர்சாமியின் மகள் ஷீலாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அதே ஊரில், டெலானிபூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து அங்கேயே இருக்கிறான். அன்றிலிருந்து ஜம்புலிங்கம் மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. கோபப்பட்டிருந்தால் மனைவி அலமுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வேளைக்குச் சாப்பிட்டார், செய்தி பார்த்தார், எழுந்து போய்ப் படுத்தார். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காத வாய் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. கொடுத்த வாக்கு போய்விட்டது, அதைத் திருப்ப முடியாது. பொருளைத் திருப்பலாம். வந்தபடியே திருப்ப வேண்டும். ஓட்டித் தேய்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள் என்று அருப்புக்கோட்டையில் ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

விமானச் சரக்குப் பிரிவில் விசாரித்தார். அங்கே எடையைப் பார்க்கவில்லை, பெட்டியின் பருமனைப் பார்த்துத் தொகை சொன்னார்கள். பென்ஷன்காரருக்குக் கட்டுப்படியாகாது. தபாலில் அந்த நீளம் எடுக்க மாட்டார்கள். கப்பல் சரக்கு மலிவுதான், ஆனால் மேலே எதைக் கொண்டுவந்து அடுக்குவார்களோ. இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை பார்க்கும் முத்துராஜ் லீவில் கப்பலில் ஊருக்குப் போகிறான் என்று தெரிந்தது. அவனோடு, அவன் சாமானாக, அவன் படுக்கைக்குப் பக்கத்திலேயே போகும். சென்னையில் அவன் கையாலேயே அருப்புக்கோட்டை பார்சல் லாரியில் ஏற்றிவிடுவான்.

பெட்டிக்கு மார்க்கெட்டில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனார். புதுச் சைக்கிள் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகள் அங்கே மடித்துக் கிடந்தன.

"காலி டப்பாவா? லே ஜாயியே அங்கிள்," எடுத்துப்போகச் சொன்னார் வங்காளிக் கடைக்காரர். "நயா சைக்கிளா, புதுசா?"

"நஹீ. வாபஸ்," என்றார் ஜம்புலிங்கம்.

கடைக்காரர் இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே தரையில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தார். கைப்பிடியைத் திருப்பி, உடலோடு ஒட்டினாற்போல் இறுக்கினார். முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரம் இருந்த இடத்தில் கவைக் கம்பிகள் நசுங்காமலிருக்க மரக்கட்டை ஒன்றை அளவாக அறுத்துச் செருகினார். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. ஸ்பேனரில் காலை வைத்து மிதித்தும் பார்த்துவிட்டார்.

அலமு போன் செய்திருக்க வேண்டும். சிவபிரகாஷ் வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஷீலா, கையில் ஒரு பையோடு.

"அம்மா," என்றான் சிவபிரகாஷ், "இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். இப்படித் திருப்பினா இறுகத்தான் செய்யும். சொல்லு."

"ஏன், அவருக்குக் காது கேக்குதே," என்றாள் அலமு. "உனக்கும் வாய் இருக்கு. நடுவுல நான் எதுக்கு, டெலிபோன் கம்பியா?"

ஜம்புலிங்கம் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். மகன் வந்து ஒரே திருப்பில் கழற்றினான். கழற்றிய நட்டுகளைத் துணிப்பையில் போட்டு முடிந்தான். அவர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்று ஷீலா பையை நீட்டினாள். "ஏசி பைப்புக்குச் சுத்துற ஃபோமுங்க. கம்பியில மாட்டிவிட்டா பெயிண்டுல எதுவும் உரசாது. வீட்டுல சும்மா கெடந்துச்சு."

அலமு வாங்கிக் கணவர் பக்கத்தில் வைத்தாள். கறுப்புக் குழல்கள். கம்பியின் அளவுக்குத் தைத்தது போலப் பொருந்தின. அவர் ஒவ்வொன்றாக மாட்டிக் கயிற்றால் கட்டினார். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே அட்டை கொடுத்தார். குறுக்குக் கம்பிக்கு மட்டும் பாதியோடு நிறுத்திவிட்டார். அங்கே அவருக்கு இடம் வேண்டியிருந்தது.

பின்கட்டு மரத்துத் தேங்காய் ஒன்றை உரித்து, குடுமியோடு கொண்டுவந்தார். மஞ்சள் கிழங்கு ஒன்றும். ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக்கூட அவர்கள் வீட்டில் வெறுமனே திருப்பியதில்லை. இரண்டையும் குறுக்குக் கம்பியோடு சேர்த்துச் சணலால் கட்டினார்.

"அம்மா, தேங்காயைப் பெட்டிக்குள்ள…" என்று சிவபிரகாஷ் ஆரம்பித்தான்.

அலமு கையால் வேண்டாம் என்று சாடை காட்டினாள்.

முத்துராஜ் மறுநாள் ஆட்டோவோடு வந்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, பொண்ண மறுவீட்டுக்கு அனுப்புற மாதிரி கட்டியிருக்கீங்க."

ஜம்புலிங்கம் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முத்துராஜுக்குத்தான் சொன்ன பிறகு உறைத்தது. தலையைச் சொறிந்தான். "உள்ள கனமா ஏதோ இருக்கே?"

"தேங்காய்."

"அத எடுத்துருங்க அண்ணாச்சி, நான் கைப்பையில கொண்டு போறேன். இந்த சீசன்ல கப்பல் ஆடுற ஆட்டத்துக்கு…"

"அது சைக்கிளோட போகணும். தனியாப் போனா அர்த்தம் வேற. கட்டித்தான் வச்சிருக்கேன்."

"சரி. ஆராம்ஸே, அலுங்காமப் போயிரும்," என்றான் முத்துராஜ்.

பெட்டி போனது. அறை நடுவில் இடம் காலியானது. ஜம்புலிங்கம் வழக்கம்போலச் சாப்பிட்டார், படுத்தார். கப்பல் சேர்ந்த செய்தி வந்தது. லாரியில் ஏற்றிய செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் சிவபிரகாஷும் ஷீலாவும் வந்தார்கள், அலமு கொடுத்த டீயை வாசற்படியில் உட்கார்ந்து குடித்தார்கள், போனார்கள்.

அப்படி ஒரு ஞாயிறன்று போன் அடித்தது.

"ஐயா, நான் ராஜகுமாரி பேசுறேன். அருப்புக்கோட்டையில இருந்து."

முருகையாவின் மகள், நிச்சயத்தன்று மாமா என்று கூப்பிட்ட பெண்.

"சொல்லும்மா. அப்பா இல்லையா?"

"கடைக்குப் போயிருக்காங்க. சைக்கிள் வந்துருச்சு. சொல்லணும்ல, அதான்."

"எல்லாம் சரியா இருந்துச்சா?"

"கட்டு அவுந்து தேங்காய் உருண்டிருக்குங்கய்யா. பெட்டிக்குள்ளயே வந்த வழியெல்லாம் இடிச்சிருக்கும் போல. நடுக்கம்பியில பெயிண்ட் உரிஞ்சு, ஒரு இடத்துல நசுங்கியிருக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல."

ஜம்புலிங்கம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். அந்தக் காதிலும் அதுவேதான் இருக்கும் என்று தெரிந்தது.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பாத்தாங்க, உள்ள போயிட்டாங்க."

"நான் செலவு என்னன்னு கேட்டு…"

"வேண்டாங்கய்யா. கடையில குடுத்து மாட்டியாச்சு. நான் இப்ப வேலைக்கு அதுலதான் போறேன்." பிறகு, "தேங்காய் உடையல. பெருசா இருந்துச்சு. அம்மா துவையல் அரைச்சாங்க."

"நல்லா இருந்துச்சா?" என்றார் அவர்.

"இருந்துச்சு. வச்சிரட்டுங்களா?"

"வையிம்மா."

போனை மேசை மேல் வைத்தார். வாசற்படியில் டீ குடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அம்மா," என்றான் சிவபிரகாஷ், "சைக்கிள் போய்ச் சேந்துச்சான்னு கேளு."

அலமு வாயைத் திறக்கும் முன்பே, "சேந்துச்சு," என்றார் ஜம்புலிங்கம்.

சிவபிரகாஷ் தம்ளரைக் கீழே வைத்தான். அவர் தன்னைத்தான் பார்க்கிறாரா என்று தெரியாமல் எழுந்து நின்றான். "கீறல் ஏதும்…"

"இருக்கு. நசுங்கியும் இருக்கு. நான் வச்ச தேங்காய்."

ஜம்புலிங்கம் உள்ளே போனார். கதவுக்குப் பின்னால், குறுக்குக் கம்பிக்குப் போடாமல் மிச்சம் வைத்த பாதி ஃபோம் குழல் சாய்ந்திருந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஷீலாவிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுது."

"வெறுமனேயா குடுக்கறீங்க?" என்றாள் அலமு, மெதுவாக.

அவர் கையில் வேறு ஒன்றும் இல்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். ஷீலா எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.