காந்தம் ஒட்டாத கால்

சந்தியாகு அந்தத் துண்டின் மேல் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. திரும்ப வைத்தார். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

“உன்ன ஏமாத்திட்டானுங்க ஷைனி. இது இரும்பே இல்ல.”

“இரும்புன்னு நான் எப்ப மாமா சொன்னேன்? டைட்டானியம். காந்தம் ஒட்டாது.”

சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு மேலே பெரிய காந்தம் தொங்கும். கரியோடு வரும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும். அதனடியில் கான்ட்ராக்ட் ஆளாகவே காலம் தள்ளியவர் அவர். காந்தம் தொடாததெல்லாம் அவருக்குக் கல்லும் மண்ணும்தான்.

சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலில் தண்டுக் கம்பியையும் பாதத்தையும் சேர்க்கும் துண்டு மழைக்காலத்தில் உடைந்தது. மகன் ஜான் ஒரு தடவை சக்கர நாற்காலியில் வைத்து டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். கூட்டாளி குமரவேல், “ஓரம் போங்கடா, லோடு வருது” என்றார். கடையே சிரித்தது. அதோடு சந்தியாகு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. போனால் நடந்துதான் போவது என்று இருந்துவிட்டார்.

உடைந்ததற்குப் பதிலாக இந்தத் துண்டைச் செய்து கொண்டுவந்த மருமகள் ஷைனிக்குச் சென்னையில் ஆராய்ச்சி வேலை. டைட்டானியத்தோடு எதை எவ்வளவு கலக்கலாம் என்று பார்ப்பது. கலந்த தூளை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் மறுபடி பரப்பி, அடுக்கடுக்காகவே ஒரு பொருளை எழுப்பிவிடுவார்களாம்.

“மாவு தூவிக் கோலம் போட்டத நம்பி நான் ரோட்டுல நடக்கணுமா?”

ஷைனி பையைத் திறந்து இரண்டு உடைந்த துண்டுகளை மேஜைமேல் போட்டாள்.

“இன்னாது?”

“நான் செஞ்சதுதான். உருகுனது ஆறும்போது உலோகத்துக்குள்ள இருக்கற பொடி மணிங்க சவுக்குத் தோப்பு மாதிரி நேரா மேல வளந்துடுது மாமா. ஒரு பக்கம் தாங்கும், இன்னொரு பக்கம் புட்டுக்கும். மொதத் துண்டு அப்படிப் போச்சு. கொஞ்சம் செம்பு சேத்தேன். கூடிப்போயி ரெண்டாவது நொறுங்கிடுச்சு. கொறச்சு கொறச்சுப் பாத்தேன். இப்ப மணியெல்லாம் கேவுரு கொட்டி வெச்ச மாதிரி பொடிசா, உருண்டையா இருக்கு. எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு, மெஷின்ல போட்டு அமுக்கியும் பாத்தேன்.”

“உடையலியே?”

“உடைஞ்சுது. எப்ப உடையும்னு தெரிய வேணாமா? உங்கள மாதிரி ஆறு பேரு ஏறி நின்னாதான் உடையும். கால் செஞ்ச டாக்டரும் பாத்து சரின்னுட்டாரு.”

சந்தியாகு பார்க்காத ஆளில்லை. பம்ப்செட் விற்றவன், பர்மனன்ட் வேலை வாங்கித் தருகிறேன் என்றவன், எல்லோரும் நல்லதை மட்டும்தான் காட்டினார்கள். உடைந்ததைப் பையில் போட்டு எடுத்து வந்து காட்டியவர் ஒருவர் கிடையாது.

“இத்தினி நாளும் இதத்தான் பண்ணிகினு இருந்தியா? ஆபீசுல தூங்கறாளாடான்னு ஜானக் கேட்டேன்.”

“சொன்னாரு மாமா.”

“சொல்லிட்டானா? சரி, மாட்டு.”

சாயங்காலம் ஷிப்ட் பஸ்கள் திரும்பும் நேரம். சந்தியாகு நடந்து வருவதைப் பார்த்து, டீக்கடை பெஞ்சில் இருந்த குமரவேல் எழுந்தே விட்டார். சந்தியாகு சட்டைப்பையிலிருந்து உடைந்த துண்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“எம் மருமவ செஞ்சது. காந்தம் வெச்சுப் பாரு, ஒட்டாது.”

“உடைஞ்சதப் போயி பெருமையா காட்டறியேடா?”

“உடையாதது கீழ நிக்குது, பாரு” என்று சந்தியாகு வலது காலைத் தரையில் ஓங்கி வைத்தார்.