ஞாயிற்றுக்கிழமை தரையில் நின்ற பசு

கம்போங் ராஜா என்ற மலையூரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில், வடிவம்மாளின் செவலைப் பசு மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே நின்றது. மாலைக்குள் தேயிலைச் செடிகளின் தலைமட்டத்துக்கு ஏறிவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கயிற்றை நீளமாக்கிக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். டவுனிலிருந்து வந்த கால்நடை அதிகாரி, தம் படிவத்தில் உயரத்துக்குக் கட்டம் இல்லை என்று வருத்தப்பட்டுத் திரும்பினார்.

பக்கத்து வீட்டு ஐவிக்குத்தான் தூக்கம் கெட்டது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருந்த அவள், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முதல் விருப்பக் கட்டத்தில் கால்நடை மருத்துவம் என்று எழுதுவதா, ஆசிரியர் படிப்பு என்று எழுதுவதா எனத் தெரியாமல் இருந்தாள். பசு ஏறத் தொடங்கியதிலிருந்து நான்காம் வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் மூடும். இந்த ஒரு பசுவை இறக்க முடியாவிட்டால் முதல் கட்டம் டீச்சருக்கே என்று தனக்குள் முடிவு செய்துகொண்டாள். அவளுடைய அப்பா பிரெட்ரிக் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுபவர். "டீச்சராப் போனா பிள்ளைங்களாச்சும் தரையில நிக்கும்லா," என்றார்.

திங்கள் முதல் சனிவரை தினமும் மாலையில் ஐவி டேப் வைத்து அளந்தாள். மூன்று வாரக் கணக்கிலும் பசு ஏறிக்கொண்டேதான் இருந்தது, அதுவும் இடப்பக்கம் தூக்கி, சாய்ந்த படகுபோல. காரணம் பிடிபடவில்லை. நான்காம் வியாழக்கிழமை அது கூரை உயரத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது.

"மூனு வாரமா அளக்குற. சட்டை தைக்கவா?" என்றாள் வடிவம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஞாயித்துக்கெழம மட்டும் ஒழுங்கா நிக்குது. சர்ச்சுக்குப் போற மாடாக்கும்னு நெனச்சேன்."

ஐவி டேப்பைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம கீழயா நிக்குது? ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க இருந்த? காலையில சர்ச்சுக்குப் போனா பொழுது சாஞ்சுதான வர்ற!"

அப்போதுதான் ஐவிக்குப் பிடிபட்டது: பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து, கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையை அந்த மார்ச்சிலிருந்து செவலைக்குத் தீனியாகக் கொண்டுவரும் காய்கறி லோரி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. பசுவின் முதல் வயிறு இடப்பக்கம் இருக்கிறது. ஈரமான இளம் இலை அங்கே வேகமாகப் புளித்து, காற்றை நுரைக்குள் பூட்டிவிடும். நுரையை ஏப்பமாக விட மாட்டுக்கு வராது. எண்ணெய் பட்டால் நுரை உடையும்.

கொழுந்து பறிக்கும் நான்கு பெண்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஐவி பிரெட்ரிக்கின் லோரிமேல் ஏறி, ஒரு போத்தல் சமையல் எண்ணெயைக் கடைவாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கால் மணி நேரத்தில் செவலை முதல் ஏப்பம் விட்டது. ஒரு சாண் இறங்கியது. அடுத்த ஏப்பத்துக்கு இன்னொரு சாண். பிரெட்ரிக் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றில் பசு புல்லை எட்டியது. "சரி, மாட்டையே படி," என்றார்.

மறுநாள் விண்ணப்பம் போனது. ஐவி ஐந்து ஆண்டுகள் படித்து டாக்டராகத் திரும்பியபோதும், செவலையின் தொழுவத்துச் சுவரில் அவள் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது: முதலில் காய்ந்த புல், பிறகு இலை, ஒரு கூடைக்கு மேல் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் பசு ஒரு சாணுக்கு மேல் ஏறுவதில்லை. அந்த ஒரு சாண், வடிவம்மாள் முதுகு வலிக்காமல் பால் கறக்கச் சரியான உயரம்.