பால்கனியில் இருந்த மீன் சாஸ்

1.
இந்தக் கதை ஒரு மீன் சாஸ் பாட்டிலால் வந்தது. அதைச் சொல்லாமல் ஜம்பமாக வேறு எங்கிருந்தோ தொடங்கலாம் என்று பார்த்தேன். ‘அக்கா அடுப்பைப் பற்றவைத்தபோது அவள் மனதில்...’ அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கென்ன தெரியும்? நான் அவள் தம்பி, அவ்வளவுதான். அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

2.
மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்த பர்மாக்காரரிடம் கற்றுக்கொண்டு லீவு நாட்களில் அரிசி நூடுல்ஸ் செய்வார். தடித்த நூடுல்ஸை வேகவைத்து, மேலே கோழிக் குழம்பு ஊற்றி, வறுத்த கடலை மாவு, வெங்காயம், எலுமிச்சை, மீன் சாஸ் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைவார். அந்த மீன் சாஸ் நாற்றத்துக்கு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. நான் போகும் நாட்களில் எனக்கும் ஒரு தட்டு கிடைக்கும்.

"அந்த பாட்டில் என் கிச்சன்ல இருக்கக் கூடாது."

அவரும் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பால்கனியில் துடைப்பத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். (எங்கள் வீட்டில் இது பெரிய கேலி. நானும் சிரித்திருக்கிறேன்.)

3.
போன வருடம் வந்த ஒரு காய்ச்சலில் மாமாவுக்கு மணமும் ருசியும் போய்விட்டன. டாக்டர் கைவிரித்துவிட்டார். அதோடு மாமா சமைப்பதையும் விட்டுவிட்டார். [இங்கே அவர் அழுவதாக எழுதி அடித்தேன். உண்மையில், "இனிமே உங்க அக்கா சமையலை பயமில்லாம சாப்பிடலாம்" என்றார்.]

அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது.

"அவருக்கு ருசி தெரிஞ்சப்பவே கூட உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்டா," என்றாள் போனில். "ஞாயித்துக்கிழமை நானே செய்யப்போறேன். நீயும் வா. சரியா வந்திருக்கான்னு சொல்ல ஒரு நாக்கு வேணும்ல."

4.
மாமா பழக்கம் மாறாமல் பிசைந்தார். அக்கா முதன்முதலாக ஒரு வாய் வைத்தாள்.

"இதையா இத்தனை வருஷம் வேணாம்னேன்? நாத்தமே இல்லையே." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, மீன் சாஸ் இல்லை. பால்கனிக்கு விரட்டிய பாட்டில் அவள் நினைவுக்கே வரவில்லை. மாமாவுக்கு ருசிதான் தெரியாது, கண் தெரியுமே. மேசையைப் பார்த்தார், பால்கனிக் கதவைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார்.

"உங்களைக் கேக்கல. நீ சொல்லுடா, மாமா செய்யுற மாதிரியே இருக்கா?"

5.
‘அதே ருசி’ என்று நான் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் அக்கா, இந்த ருசியை இத்தனை வருடம் விட்டுவிட்டோமே என்று காலமெல்லாம் வருந்துகிறாள். அந்த வீட்டில் என்றுமே இல்லாத ருசி அது. எழுந்து போய் பாட்டிலைக் கொண்டுவருவதாக இன்னொன்று எழுதினேன். அதில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுகிறாள், மாமா பழையபடி தனியாகச் சாப்பிடுகிறார். ஒருவேளை எழாமலும் இருப்பாளோ என்று யோசித்து, பாதியில்

அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுதான் சரி என்று ஆகிவிடும். எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தட்டில் பாதி மிச்சமிருக்கிறது. மாமா நிமிராமல் பிசைந்துகொண்டிருக்கிறார். அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.