விசில் வந்தால்தான்

எனக்குப் பொறுமை கிடையாது. லிஃப்ட் வரக் கொஞ்சம் தாமதமானால் படியேறிவிடுவேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் நான் பொங்கிவிடுவேன் என்பார் என் வீட்டுக்காரர். ஆளை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டுப் பக்கத்திலேயே காவல் உட்காரும் டாக்டர் வேலைக்கு இவள் எப்படி வந்தாள் என்று கேட்காதவர் இல்லை.

அன்றைய நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். கல்லீரலில் கட்டி. அது பித்தக்குழாயை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கத்தி வைக்க முடியாத இடம். சுட்டுப் பொசுக்கினால் குழாயும் சேர்ந்து வெந்துபோகும். மிச்சமிருந்தது ஒரே வழிதான். கட்டியைச் சுற்றி ஊசிகளைச் செருகி, அவற்றுக்கு நடுவே மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சலும் கண் இமைப்பதற்குள் வந்துபோய்விடும். அதனால் எதுவும் வேகாது. செல்களின் தோலில் ஓட்டை விழுந்து அவை மெல்லச் சாகும், குழாயின் சுவர் அப்படியே நிற்கும். குடியிருந்தவர்கள் போனாலும் வீடு இடியாத மாதிரி.

முந்தின நாள் இதையெல்லாம் சொன்னபோது அவர் மனைவி கேட்டாள், "அவ்வளவு கரண்டை நெஞ்சு தாங்குமா டாக்டர்?"

"மெஷின் இவரோட நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. ஒரு துடிப்பு வந்ததும், அதை ஒட்டின சின்ன இடைவெளியில மட்டும்தான் அடிக்கும். நேரம் தப்பி அடிச்சாதான் ஆபத்து."

கண்டக்டர் சிரித்தார். "அப்ப நான் விசில் கொடுத்தாதான் வண்டி நகரும்னு சொல்லுங்க. நம்ம வேலைதானே அது."

"சிரிக்கிற நேரமா இது?" என்று அவர் தோளில் தட்டினாள் மனைவி. தட்டிய கையை எடுக்கவில்லை.

மறுநாள் ஊசிகள் இறங்கின. மெஷின் வேலையை ஆரம்பித்தது. ஒரு துடிப்பு, ஒரு அடி. மறுபடி ஒரு துடிப்பு, ஒரு அடி. பாதி முடிந்திருக்கும், திரையில் துடிப்பு குளறத் தொடங்கியது. நடுநடுவே வேண்டாத துடிப்புகள் வந்து விழுந்தன. மெஷின் நின்றுவிட்டது.

ஸ்கேன் பார்த்து ஊசிகளைச் செருகியிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "துடிப்பைப் பார்க்காம அடிக்கவும் இதுல வழி இருக்கு மேடம். பாதியில விட்டா கட்டி திரும்ப வளர்ந்துடும். இன்னொரு தடவை இவ்வளவு வாகா ஊசி நிக்குமான்னு தெரியாது."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஊசிகளுக்கும் இதயத்துக்கும் நடுவில் அதிக தூரமில்லை. தப்பான நொடியில் ஓர் அடி விழுந்தால் அந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார்.

"வேண்டாம். காத்திருப்போம்" என்றேன். நர்ஸ் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் பேசினேனா என்று அவளுக்குச் சந்தேகம்.

ரத்தத்தில் ஒரு உப்பு குறைந்திருந்தது, துடிப்பு குளறியது அதனால்தான். அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதுவே ஆளைக் கொல்லும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். எனக்குப் பயம்தான். ஆனாலும் வியப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு மாட்டையே சாய்க்கிற மின்சாரத்தை வைத்திருக்கும் மெஷின், கைப்பிடி அளவு இதயத்தின் அனுமதிக்காக வாய் திறக்காமல் நிற்கிறது! மயங்கிக் கிடக்கிற மனிதருக்கு அந்த அறையில் எங்கள் எல்லோரையும்விட அதிகாரம் இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

துடிப்பு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. மெஷின் தானாகவே மறுபடி ஆரம்பித்து மிச்சத்தையும் முடித்தது.

சில நாள் கழித்து வார்டுக்குப் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் மனைவி அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் கெட்டிருந்தால் அங்கேதான் மஞ்சள் தெரியும். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பொழுதுக்கும் இதே வேலை டாக்டர் இவளுக்கு" என்றார் அவர். பிறகு ஞாபகமாகக் கேட்டார், "நம்ம விசில் ஒழுங்கா வந்துச்சா?"

"எங்க! நடுவுல நிறுத்திட்டீங்க. எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னோம்."

அவர் சிரிக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படியில யாராவது கால் வெச்சிருப்பாங்க டாக்டர். அவங்க ஏறாம எப்படி ஊதறது?"