மருந்தா, மாவா?

1

இந்தக் கதை என் அத்தானின் நாக்கில் பிறந்தது. கதை எப்படித் தோன்றியது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. அத்தான் பேக்கரி வைத்திருக்கிறார். மாவை நாக்கு நுனியில் வைத்தால் போதும், பழசா புதுசா, எவன் எதைக் கலந்தான் என்று சொல்லிவிடுவார். அந்த நாக்கை ஒரு நாள் காலையில் என் அக்காவின் கேப்ஸ்யூலில் வைத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

ஆனால் முதல் வரைவை நான் அங்கே தொடங்கவில்லை. சீரியஸாக இருக்கட்டும் என்று இப்படித் தொடங்கினேன்:

மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில் மரணத்தின் நிழல்

(நிறுத்திவிட்டேன். அந்த நடைபாதையில் அப்படி எந்த நிழலும் கிடையாது. ஒழுகும் தண்ணீர் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கீழே ஈரம் பரவாமலிருக்க ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.)

ரத்தம் என்பது

(இதுவும் வேண்டாம். 'என்பது' என்று தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

2

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவில் அடங்கிவிட்டது. ஆனால் போன இடத்திலிருந்து திரும்பி வரும் பழக்கம் உள்ள நோய் அது. திரும்பி வராமல் ஒரு புதிய மருந்து தடுக்குமா என்று அந்த மருத்துவமனையில் சோதனை நடந்தது. அக்கா சேர்ந்தாள்.

சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிவிடும். விழுங்குகிறவருக்குத் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. மற்றபடி பரிசோதனை, கவனிப்பு எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.*

* எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. என் கதையில் யார் எப்போது தும்முவார் என்பதுவரை எனக்குத் தெரியும். இங்கே கதாநாயகி தினமும் காலையில் எதை விழுங்கினாள் என்பதே தெரியாது.

3

இனி அந்தக் காலை. அக்கா தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அத்தான் கேப்ஸ்யூலை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருந்த தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"மாவு," என்றார். "வெறும் மாவு."

"ஐயோ, என்னங்க பண்ணீங்க? துப்புங்க முதல்ல!"

"விழுங்கிட்டேன். துளிகூடக் கசப்பே இல்ல. மாவுலயே பொரளறவன் வீட்டுக்கு மாவைக் குடுத்து அனுப்பறாங்க பாரு!"

அக்கா டப்பாவிலிருந்து இன்னொரு கேப்ஸ்யூலை எடுத்து விழுங்கினாள்.

இந்த இடத்தில் அத்தானைக் கோமாளியாக்கிவிட்டுப் போவது சுலபம். ஒரு வரைவில் ஆக்கியும் விட்டேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. ஏனென்றால் அன்று அவர் கத்தியது கோபத்தில் இல்லை, பயத்தில். மருந்து இல்லையென்றால் நோய் திரும்பி வந்துவிடும், வந்தால் அக்கா இருக்க மாட்டாள். அவருடைய கணக்கு அவ்வளவுதான். பேக்கரியை வேலையாட்களிடம் விட்டுவிட்டு, வேறொரு ஊரில் இருக்கும் ஒரு டாக்டரைப் பிடித்துப் பேசினார்.

"அங்க சீட்டுக் குலுக்கறதெல்லாம் இல்லையாம். நிச்சயமா மருந்தேதான் தருவாங்களாம். இதை விட்டு வெளிய வந்துடு. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு இவங்களே சொன்னாங்கல்ல?"

சொல்லியிருந்தார்கள், உண்மைதான். அக்கா, அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

4

சோதனைப் பிரிவில் ஒரு நர்ஸ் உண்டு. ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள கேப்ஸ்யூல்களை டப்பாவிலிருந்து ஒரு தட்டில் கொட்டி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த டப்பாவைத் தருவார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கணக்கம்மா என்று பெயர்.

கணக்கம்மா எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஒண்ணு குறையுதேம்மா."

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "நான்தான் தின்னேன். உங்க குட்டு உடைஞ்சு போச்சு. அது மாவு."

கணக்கம்மா அசரவில்லை. "நாக்குல எங்க வெச்சீங்க, நுனியிலயா?"

"நுனியில."

"பரவாயில்ல. ஒருத்தர் நாய்க்குக் குடுத்துப் பாத்தார். இன்னொரு அம்மா தண்ணில போட்டு மிதக்குதா முங்குதான்னு பாத்தாங்க. ஐயா, நீங்க சொன்னது சரிதான். அதுல மாவு இருக்கு."

அத்தான் வெற்றிப் பார்வை பார்த்தார்.

"ரெண்டுலயும் இருக்கு. மருந்து துளியூண்டுதான். அதை மட்டும் போட்டா கேப்ஸ்யூல் ரொம்பாதுன்னு மாவைப் போட்டுத்தான் ரொப்புவாங்க. ருசியும் ஒரே மாதிரி இருக்கற மாதிரி பாத்துத்தான் செய்வாங்க. உங்க நாக்கு மாவைக் கண்டுபிடிச்சுது, சரி. மருந்து இல்லைன்னு அது எப்படிச் சொல்லும்?"

அத்தான் தட்டிலிருந்த கேப்ஸ்யூல்களை முறைத்துப் பார்த்தார்.

"சரி, சட்டையை மடிச்சு விடுங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்."

"எனக்கா? எனக்கெதுக்கு?"

"நீங்க தின்னது மருந்தா இருந்தா? அது என்ன மிட்டாயா? வெறுங்கையால தொடவே கூடாதுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஊசியைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது வெறும் மாவாத்தானேம்மா இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்யா?" என்றார் கணக்கம்மா.

(அக்கா அன்று சிரித்த சிரிப்பை எழுத இதுவரை பல தடவை முயன்றுவிட்டேன். 'அவள் சிரிப்பு' என்று தொடங்கிய வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றும் தேறவில்லை. கண்ணில் நீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான்.)

5

பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடி தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் அத்தான். இன்னும் விடவில்லை.

"சரி, தெரியாதுன்னே வெச்சுக்கோ. தெரியாததுல எதுக்கு உக்காந்திருக்கணும்? வா, போலாம்."

இங்கே அக்காவுக்கு ஒரு பெரிய வசனம் எழுதிவைத்திருந்தேன்: "மனித குலத்தின் நன்மைக்காக நான் என்

(அடித்துவிட்டேன். இப்படி ஒரு வாக்கியத்தை அக்காவிடம் கொடுத்தால், பாதியில் கொட்டாவி விடுவாள்.)

அவள் சொன்னது இது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாவு தின்னவங்களையும் எண்ணினாத்தாங்க மருந்து மருந்துன்னு தெரியும். நான் மாவுன்னா மாவாவே இருந்துட்டுப் போறேன். எனக்குக் கீமோ போட்டாங்களே, அந்த மருந்தைச் சோதிச்சப்பவும் எவளோ ஒருத்தி இப்படி உக்காந்திருப்பா. அவ புருஷனும் பக்கத்துல உக்காந்து வா வான்னு இழுத்திருப்பார். அவ போயிருந்தா நான் இன்னைக்கு இங்க இல்ல."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? உங்களுக்கு ஒரு பங்குன்னா எனக்கு மூணு பங்கு இருக்கு. ஆனா எழுந்து வர மாட்டேன். பஞ்சை நல்லா அமுக்குங்க, ரத்தம் வருது."

எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்த் தாகமில்லாமலே தண்ணீர் குடித்தேன்.

6

சோதனை முடிந்துவிட்டது. அத்தானின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, நாக்கும் பழையபடி நீளமாகத்தான் இருக்கிறது. அக்காவின் கடைசிப் பரிசோதனையிலும் நோய் இல்லை. இனி வரவே வராது என்று டாக்டர்கள் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

(அ) அவளுக்கு வந்தது மருந்து. நோய் திரும்பவில்லை. அத்தான் கேக் செய்கிறார்.

(ஆ) அவளுக்கு வந்தது மாவு. நோய் திரும்புகிறது. அத்தான் பேக்கரியைப் பூட்டிவிட்டு

அக்கா இரண்டையும் படித்துவிட்டுத் தாளை மேஜையில் போட்டாள்.

"நீ உங்க அத்தானை விட மோசம்டா. மருந்துன்னா பொழைக்கறா, மாவுன்னா சாகறா, அவ்வளவுதானா? மாவு தின்னுட்டுக் கல்லு மாதிரி இருக்கறவங்க இருப்பாங்க. மருந்து தின்னுட்டுப் போனவங்களும் இருப்பாங்க. அந்தப் பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்து கதை பேசினவங்க எல்லாரும். இதுல அவங்கள்லாம் எங்க?"

தாளை எடுத்து மடித்துக்கொண்டேன். அவள் சொன்னதுதான் சரி.

"இன்னொண்ணு. கணக்கம்மா இன்னைக்கு போன் பண்றாங்க. எனக்கு வந்தது எதுன்னு இப்பச் சொல்லலாமாம். எனக்கு வேண்டாம்னுட்டேன். அவருக்கும் சொல்லக் கூடாது. கேப்ஸ்யூலைப் பத்தியே நெனச்சு முழுங்கினது போதும், இனிமே சோறு திங்கறப்போ சோத்தைப் பத்தி நெனக்கணும். ஆனா கதைக்கு முடிவு இல்லைன்னு நீ மூக்கால அழுவ. அதனால உங்கிட்டச் சொல்லச் சொல்லியிருக்கேன். போனை எடுத்தா உன் பாடு."

7

இப்போது போன் என் முன்னால் இருக்கிறது. உள்ளே அத்தான் ரொட்டி கருகிவிட்டதற்கு அடுப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அடுப்பை ஏன் திட்டுகிறீர்கள் என்று அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிய முடிவுகள் இரண்டிலும் இந்தச் சத்தம் இல்லை.

மணி அடிக்கிறது.

"டேய், சாப்பிட வா, ஆறிடப் போகுது!"

நான் சாப்பிடப் போகிறேன். இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள், வேண்டுமானால் நீங்கள் எடுங்கள். எடுத்துக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கா முகத்தைப் பார்த்தே எதையும் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருக்கிறது.