மாடி நெற்றியில் ஈரம்

“பழசு ஒரு துளி தெரியக் கூடாது, நல்லா கொத்து!” என்று பெரியவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

மாடி கட்டிய வருஷத்தை அவர் அப்பா நெற்றிச் சுவரில் சுண்ணாம்பால் புடைப்பாக வைத்திருந்தார். இரண்டு எண்கள் பொக்கையாகிவிட்டன. கொத்தனார் நான்கையும் பெயர்த்துத் தள்ளினார். அதே வருஷத்தைச் சிமெண்டில் புதிதாக வைக்க வேண்டும். உள்ளே கீழ்க் கூடத்தில் தம்பிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கைவிரித்தாயிற்று. நாலு பேர் வந்து நிற்கப்போகும் வீடு பல்லிளிக்கலாமா?

தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள். “மாமா, அந்த எழுத்தை…”

“செலவு என்னுது. நீ உள்ள போம்மா.”

அவர் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல் இல்லை. போனாள்.

பெரியவர் உள்ளே வந்தபோது, கொத்துகிற சத்தம் கேட்டுத் தம்பி கண் திறந்திருந்தான். விரல்கள் கட்டில் சட்டத்தைத் தட்டின. “மேல… வேணாம்…”

“நீ சும்மா கிட. நம்ம வீட்டு மானம் என் பொறுப்பு.”

தம்பி அவரையே பார்த்தான். பார்வை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்களிடையே நகராட்சிப் பொறியாளரும் வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தவர் முகம் மாறியது.

“யாருய்யா அந்த வருஷத்தை எழுதினது?”

“நான்தான் எழுதச் சொன்னேன். ஏன்?”

“மாடிக்கு அனுமதிக் காகிதம் இல்லைன்னு நோட்டீஸ் குடுத்திருந்தோம். சட்டம் வர்றதுக்கு முந்தின கட்டடம்னு அந்தப் பழைய எழுத்துதான் சாட்சின்னாரு உங்க தம்பி. அதைப் பாக்கத்தான் வந்தேன்.”

“அதே வருஷம்தான். எங்க வம்சத்துல பொய் எழுதிப் பழக்கமில்ல.”

“எனக்குப் புரியுதுங்க. மேலிடத்துக்குச் சிமெண்ட் ஈரம்தான் கண்ணுல படும். கள்ளத்தனம்னு எழுதி, மாடியை இடிக்கச் சொல்லுவாங்க.”

பெரியவர் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் குடியிருப்பது அந்த மாடியில்தான்.

“நோட்டீஸ் வந்தது தெரிஞ்சா அண்ணன் தலை நிமிர்ந்து நடக்க மாட்டாருன்னு அவர் என்னைச் சொல்ல விடல, மாமா,” என்றாள்.

பெரியவர் சுவரோரம் போனார். கொத்திப்போட்ட காரை மிதிபட்டு மாவாகிக் கிடந்தது. குனிந்தார். ஏதோ ஒரு எண்ணின் வளைவு மட்டும் முழுசாகக் கைக்குள் அகப்பட்டது.

“வீடு புதுசாட்டம் இருக்குங்க” என்றபடி ஒருவர் துக்கம் கேட்கக் கை நீட்டினார். பெரியவர் விரல்களை விரிக்கவில்லை. வந்தவர் அந்த மூடிய கையையே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.